கந்தையும் காந்தாவும்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் அமைந்துள்ளது பாலிகஞ்ச். சியால்தாவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் புறநகர் இரயில்கள் இங்கு நின்று செல்லும். விடியற்காலையில் சிற்றூர்களிலிருந்து காய்கறிக் கூடைகள் அவ்விரயில்களில் வந்து இறங்கும். அவற்றுள் பல கரியாஹாட் சந்தைக்கும் தெருவோரக் கடைகளுக்கும் சென்று சேரும்.

இரயில் நிலையத்தை அடுத்த ஒரு தெருவில், இரண்டாம் மாடியில், ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. தந்தை நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து, பணிமாற்றத்தால் இங்கு வந்தவர். மகள் எட்டாம் வகுப்பிலும் மகன் ஐந்தாம் வகுப்பிலும் பயில்கின்றனர். தாய் இல்லத்தை நடத்துகிறார்.

இல்லத்தை நடத்துதல் என்பது எளிய சொல். எளிய செயல் அன்று. வாடகை, பால், மளிகை, ஊரிலுள்ள பாட்டிக்கு அனுப்பும் பணம் ஆகிய நான்கும் மாதத்தின் முதல் வாரத்திலேயே ஊதியத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதில் ஒரு சிறு தொகை சமையலறை அலமாரியிலுள்ள பித்தளைச் சம்புடத்தில் சேரும். கோடை விடுமுறையில் ஹௌரா–சென்னை மெயிலில் ஏறி, ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் கடந்து, பாட்டியைக் காணச் செல்வதற்கான பணம் அது. வருவாய் சிறிதாயினும் செலவு அதனினும் அகலாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் கூறுகிறார். மன்னனுக்கு உரைத்த அவ்வறிவுரை அந்தச் சம்புடத்துக்கும் பொருந்தியது.

அவ்வீட்டில் எப்பொருளும் எளிதில் குப்பைக்குச் செல்வதில்லை. குழாய் ஒழுகினால் தாய் முதலில் மேல்தொட்டியிலிருந்து வரும் நீரை அடைப்பார். பின்னர்க் குழாயின் தலைப்பகுதியைத் திருகிக் கழற்றி, தேய்ந்த வாஷரை வெளியே எடுப்பார். அதனையே அளவுக்காகக் கடைக்குக் கொண்டுசென்று, சில ரூபாய்க்குப் புதியது வாங்கி வந்து பொருத்துவார். படுக்கை விரிப்பு நடுவில் நைந்துபோனால், அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, உறுதியான ஓரங்கள் நடுவில் வருமாறு இணைத்துத் தைப்பார். நைந்த பகுதி ஓரத்திற்குச் சென்றுவிடும். விரிப்பு மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். குடைத்துணி கம்பியிலிருந்து விடுபட்டால் ஊசியும் நூலும் போதும். கத்தி மழுங்கினால் பீங்கான் கோப்பையின் அடிவளையத்தில் தீட்டுவார். ஆனால் குக்கரின் காஸ்கெட்டில் விரிசல் கண்டால் மட்டும் அன்றே புதியது வாங்கிவிடுவார். உயிருக்குத் தீங்கு நேரக்கூடிய இடத்தில் சிக்கனம் கூடாது என்பது அவர் கொள்கை.

சமையலும் அவ்வாறே. பீர்க்கங்காயின் சதை கூட்டாகும், தோல் துவையலாகும். பூசணியின் விதைகள் வெயிலில் உலர்ந்து வறுவலாகும். சந்தையில் வாழைப்பூவையும் வாழைத்தண்டையும் கண்டபோது, ஊரையே கண்டதுபோல் அவர் மகிழ்ந்தார். வங்காள மக்கள் அவற்றை மோச்சா என்றும் தோர் என்றும் அழைத்து விரும்பி உண்பர். கீழ்வீட்டில் வாழும் முதிய வங்காளப் பெண்மணி, உருளைக்கிழங்குத் தோலை மெல்லியதாக நறுக்கி, கருஞ்சீரகம் தாளித்துப் பொரிக்கக் கற்றுக்கொடுத்தார். குழந்தைகள் அவரை மாஷிமா என்று அழைப்பர். சித்தி என்பது அதன் பொருள். அவர் தாயைப் பௌமா, அதாவது மருமகளே, என்று அழைப்பார். நம் பழைய சோறு அவர் வீட்டில் பாந்தா பாத். பெயர் வேறு, நீரூற்றி ஓர் இரவு புளிக்க வைத்த சோறும், உடன் கடித்துக்கொள்ளும் வெங்காயமும் பச்சை மிளகாயும் ஒன்றே.

மழை ஓயாது பெய்த ஆடி மாதத்தில், மகளின் பள்ளிப்பை அடியில் கிழிந்தது. தாய் தம் பழைய நீலப் புடவையிலிருந்து துண்டு வெட்டி, ஒட்டுப் போட்டுத் தைத்தார். மறுநாள் காலையில் மகள் அதைத் தொட மறுத்தாள்.

“ஒட்டுப் போட்ட பையோடு நான் பள்ளிக்குப் போகமாட்டேன், அம்மா. எல்லாரும் சிரிப்பார்கள்!”

தாய் மறுமொழி கூறவில்லை. அன்று புத்தகங்கள் ஒரு துணிப்பையில் பள்ளிக்குச் சென்றன.

அப்பேச்சு கீழ்வீட்டிலும் கேட்டிருந்தது. மாலையில் மாஷிமா மகளை அழைத்தார். தகரப் பெட்டியைத் திறந்து, நிறம் மங்கிய ஒரு விரிப்பை எடுத்து அவள் மடியில் வைத்தார். அது காந்தா. பழைய பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நேராக ஓடும் ஓட்டுத்தையலால் இணைத்து அதனை உருவாக்குவர். புடவைக் கரையிலிருந்து உருவிய நூலே தைக்கும் நூல். நடுவில் ஒரு தாமரை, மூலைகளில் மீன்கள்.

“இது என் தாய் தைத்தது. இதனுள் என் பாட்டியின் புடவை இருக்கிறது; என் தாயின் புடவையும் இருக்கிறது. நான் பிறந்தபோது என்னை இதில்தான் கிடத்தினார்கள். இதுவும் ஒட்டுத்தான், யார் சிரிப்பார்கள்?” என்றார் மாஷிமா.

கந்தல் துணியைக் குறிக்கும் கந்தா என்னும் வடசொல்லே வங்காளத்தில் காந்தா எனவும் தமிழில் கந்தை எனவும் வழங்குகிறது. வங்காளச் சிற்றூர்ப் பெண்கள் தைத்த காந்தாக்களைத் தேடித் திரட்டியவர் குருசதய் தத் என்னும் ஆட்சிப்பணி அலுவலர். அவர் பெயரால் பாலிகஞ்சில் ஒரு சாலை உள்ளது. அவர் திரட்டிய கலைப்பொருள்களைக் கொண்ட அருங்காட்சியகம் ஜோக்காவில் 1963ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அவருடைய துணைவியார் சரோஜ் நளினி 1913இல் பாப்னாவில் பெண்களுக்கான மகிளா சமிதியைத் தொடங்கியவர். 1925இல் அவர் மறைந்த பின், அதே ஆண்டில் அவர் நினைவாக ஒரு சங்கம் தோன்றியது. பெண்களுக்குத் தையலும் கைத்தொழிலும் கற்பித்த அச்சங்கம் பாலிகஞ்ச் ஸ்டேஷன் சாலையில் உள்ளது. மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கந்தையில் பிறந்த கலை இன்று உலகெங்கும் விலைபோகிறது.

மாஷிமா மற்றொன்றும் கூறினார். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது சிற்றூர் மக்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்கத்தாவுக்கு வந்தனர். அவர்கள் வீட்டு வாயில்களில் நின்று சோறு கேட்கவில்லை. சோறு கேட்டால் கிடைக்காது என்று அறிந்திருந்தனர். ஃபேன் தாருங்கள் என்றே இறைஞ்சினர். ஃபேன் என்பது சோறு வடித்த கஞ்சி. அப்பஞ்சத்தில் மாண்டவர்கள் 20 முதல் 30 இலட்சம் பேர் வரை இருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். அக்குரலைக் கேட்டு வளர்ந்த மாஷிமாவின் தாய், வாழ்நாள் முழுவதும் ஒரு குவளைக் கஞ்சியையும் கீழே ஊற்றியதில்லை.

மகள் மாடிக்கு வந்து பையை எடுத்துப் பார்த்தாள். நீலத் துணியைச் சுற்றியிருந்த தையல் சில இடங்களில் கோணியிருந்தது. தாயின் கை அவ்வாறு கோணுவதில்லையே என்று எண்ணினாள். அண்மைக்காலமாக ஊசியில் நூல் கோக்கத் தாய் தன்னை அழைப்பதும் நினைவுக்கு வந்தது.

அன்றிரவு, பயணப் பணம் எவ்வளவு சேர்ந்துள்ளது என அறிய, அவள் தாயின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒவ்வொரு மாதமும் கடைசி வரியில் ‘மூக்குக் கண்ணாடி’ என எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் அவ்வரி அடிக்கப்பட்டிருந்தது. பிப்ரவரியில் அத்தொகை பாட்டியின் மருந்துக்குச் சென்றிருந்தது. ஏப்ரலில் தம்பியின் காலணிக்கு. ஜூனில் அவளுடைய பயிற்சி நூல்களுக்கு. காலையில் பழைய சோற்றை உண்பவர் எப்போதும் தாய் ஒருவரே என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் புத்தகத்தைத் தந்தையிடம் நீட்டினாள். அவர் நெடுநேரம் அப்பக்கங்களையே பார்த்திருந்தார். “இதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்” என்றார்.

சனிக்கிழமை மாலை நால்வரும் கரியாஹாட்டுக்கு நடந்து சென்றனர். தாய்க்குக் கண்ணாடி வாங்கினர். சம்புடத்தில் இருந்த பணம் குறைந்தது. “ஊருக்குப் போக முடியுமா, அப்பா?” என்று மகன் கேட்டான். “இனி நால்வரும் சேர்த்தால் முடியும்” என்றார் தந்தை.

அதன்பின் அவ்வீட்டில் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நால்வருக்கும் பழைய சோறுதான். உடன் உருளைக்கிழங்குத் தோல் வறுவலும் உண்டு. அலுவலகத்தில் மாலைத் தேநீருக்குச் செலவிட்ட பணத்தைத் தந்தை சம்புடத்தில் இட்டார். குழாய்க்கு வாஷர் மாற்ற மகன் கற்றுக்கொண்டான். மகள் மாஷிமாவிடம் ஓட்டுத்தையல் பயின்று, பையின் நீல ஒட்டின்மேல் சிவப்பு நூலால் ஒரு மீன் தைத்தாள். பள்ளியில் இருவர் சிரித்தனர். மூவர் அதைப்போல் தைத்துத் தருமாறு கேட்டனர்.

கணக்குப் புத்தகத்தில் வரவு, செலவு, இருப்பு என மூன்று பத்திகள் இருந்தன. மகள் நான்காவதாக ஒரு கோடு கிழித்து, அதன் தலைப்பில் ‘விட்டுக்கொடுத்தவர்’ என எழுதினாள். ஒரே பெயர் இரண்டு மாதம் தொடர்ந்து வரக்கூடாது என்பது வீட்டின் விதியாயிற்று.

கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பர் நம் முன்னோர். கூழும் கந்தையும் இழிவல்ல. அவற்றை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாமல், வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ளும்போது அது சிக்கனம் எனப்படும்.

சிந்தித்து எழுதுக

1. குக்கரின் காஸ்கெட்டைப் பொறுத்தவரை தாய் கொண்ட கொள்கை யாது? ஏன்?
2. கணக்குப் புத்தகத்தில் மகள் கண்டது என்ன? அதனால் வீட்டில் நிகழ்ந்த மாற்றங்கள் யாவை?
3. உம் வீட்டில் வீணாகாமல் பயன்படுத்தப்படும் ஓர் உணவுப்பொருளைப் பற்றி உம் தாயிடமோ பாட்டியிடமோ கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.
4. உம் வீட்டுக் கணக்கில் நான்காவது பத்தி இருந்தால், அதில் யார் பெயர் மிகுதியாக இருக்கும்?