சத்தம் நின்ற வாளி

ஷில்லாங்கில் நவம்பர் மாத இரவு. லைதும்க்ரா பகுதியில் தகரக் கூரை போட்ட பழைய வீடு. சாப்பாட்டு அறையின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. ஒன்பது நாட்களாக 'பளுக், பளுக்' என்று சத்தமிட்டுக்கொண்டிருந்த அது, அன்று மௌனமாகிவிட்டது.

அந்த வீட்டுக்காரிக்கு 48 வயது. பள்ளி ஆசிரியை. காஸி இன வழக்கப்படி பரம்பரை வீடு கடைசி மகளுக்கு. கூடவே தாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும். தாய்க்கு வயது 79. வாளி வந்த கதை எளிமையானது. மெல்போர்னில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் ஒரு 'ஒயின் கிட்' கொண்டுவந்திருந்தான். காய்ச்சிக் கெட்டியாக்கிய திராட்சைச் சாறு, ஈஸ்ட் பாக்கெட், தெளியவைக்கும் பொடி, நொதித்தலை நிறுத்திவைக்கும் பொடி, மூடியில் பொருத்தும் காற்றுத் தடுப்புக் குழாய், ஹைட்ரோமீட்டர் எனப்படும் கண்ணாடி மிதவை. தண்ணீர் சேர்த்தால் ஆறு பாட்டில். நான்கு வாரத்தில் தயார் என்றது குறிப்பேடு. 2023 நவம்பர் 5இல் தொடங்கினால் கிறிஸ்துமஸுக்குத் தாராளமாக நேரம் இருந்தது.

ஷில்லாங்கின் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸ் கேக்குக்குத் துணையாக வீட்டு ஒயின் வருவது புதிதல்ல. பிளம், பாஷன் பழம், சோஹியோங் என்ற உள்ளூர்க் கருஞ்செர்ரி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம். வீட்டில் பழ ஒயின் தயாரிக்க 2020இல் மேகாலயா அரசு வழிவிட்டது. (மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு; விசாரித்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.) ஆனால் இந்த வீட்டில் மட்டும் முப்பத்தேழு ஆண்டுகளாக யாரும் ஒயின் போடவில்லை.

"முடிஞ்சிருக்கும்மா. மூணாம் நம்பர் பாக்கெட்டைப் போட்டுட்டு பாட்டில்ல அடைச்சிடு" என்றான் மகன் தொலைபேசியில். பாக்கெட்டைக் கத்தரிக்கக் கத்தரிக்கோலும் கையில் வந்துவிட்டது. அப்போதுதான், அதுவரை வாளியின் பக்கமே வராத கிழவி கதவோரம் வந்து நின்றார்.

"அந்த வருஷமும் இப்படித்தான் சத்தம் நின்னுது."

மகளின் கை தானாகவே இடது புருவத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு வடு.

1985 டிசம்பர். அம்மாவின் பிளம் ஒயினுக்கு அந்தத் தெருவிலேயே பெயர் இருந்தது. ஜாடியில் காதை வைத்துக் கேட்பார். சத்தம் அடங்கினால் பாட்டிலில் அடைப்பார். அந்தக் குளிர்காலத்திலும் சத்தம் அடங்கியது; கார்க்கை இறுக அடித்து அலமாரியில் வைத்தார். மார்ச்சில் வெயில் ஏறியதும் ஒரு பாட்டில் வெடித்தது. அருகில் பாடம் படித்துக்கொண்டிருந்த பதினோரு வயது மகளுக்கு ஏழு தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அதன்பின் ஒயின் ஜாடிகளில் அரிசி கொட்டி வைக்கப்பட்டது. அதைப்பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

மகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஹைட்ரோமீட்டரை எடுத்தார். சாற்றில் சர்க்கரை அதிகமிருந்தால் மிதவை உயரே நிற்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அது இறங்கும். முதல் நாள் அளவு 1.085. முடிந்ததென்றால் 0.996க்குக் கீழே இருக்கவேண்டும். அன்று காட்டியது 1.030.

அதாவது லிட்டருக்கு 70 கிராமுக்கும் மேல் சர்க்கரை தின்னப்படாமல் கிடந்தது. ஷாம்பெயின் பாட்டிலுக்குள் நுரைக்காகச் சேர்ப்பதே லிட்டருக்கு சுமார் 24 கிராம்தான். அதைத் தாங்கவே அந்த பாட்டிலைக் கனத்த கண்ணாடியில் செய்கிறார்கள். சாதாரண பாட்டிலின் கதியைச் சொல்லவேண்டியதில்லை.

சத்தம் ஏன் நின்றது? மூடியில் கசிவு இருந்தால் வாயு வேறு வழியில் போய்விடும். குமிழி வராது, ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும். மூடியை லேசாக அழுத்திப் பார்த்தார். குழாயில் தண்ணீர் ஏறி நின்றது. கசிவு இல்லை. அடுத்தது வெப்பம். அறையில் 13 டிகிரி. குறிப்பேடு கேட்டது 20 முதல் 25 வரை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில், நவம்பர் இரவில், ஈஸ்ட் செத்துவிடவில்லை. குளிரில் சுருண்டு படுத்துவிட்டது. 1985இல் நடந்ததும் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

வாளி சமையலறைக்கு மாறியது. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் வைத்து, கம்பளி சுற்றினார். வெந்நீரில் கொதிக்கவிட்ட கரண்டியால், காற்று அதிகம் புகாமல், அடியில் படிந்த ஈஸ்ட்டை மெதுவாகக் கிளறிவிட்டார். 22 டிகிரி வந்தது. இரண்டு நாள் கழித்து 1.028. போதாது.

பக்கத்துத் தெருவில் பிளம் ஒயின் போடுபவரிடம் ஒரு பாக்கெட் ஒயின் ஈஸ்ட் கிடைத்தது. அதை அப்படியே வாளியில் கொட்டக்கூடாது. ஏற்கெனவே ஆல்கஹால் ஏறிய சாறு புது ஈஸ்ட்டைத் திணறடித்துவிடும். 38 டிகிரி நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஒரு கரண்டி சாறு, நுரை வந்ததும் இன்னும் ஒரு கோப்பை என்று பழக்கினார். மறுநாள் காலை அது பொங்கி நின்றபோதுதான் வாளியில் சேர்த்தார். அன்று மாலை மீண்டும் 'பளுக்'.

நோட்டில் எண்கள் இறங்கின: 1.018, 1.008, 0.998. டிசம்பர் 12இல் 0.994. அடுத்த இரண்டு நாளும் அதே 0.994. மூன்றாம் நம்பர் பாக்கெட் அதன் பிறகுதான் பிரிந்தது. முன்பே போட்டிருந்தால் கிளறியும் கம்பளி சுற்றியும் பயன் இருந்திருக்காது. புது ஈஸ்ட்டையும் அது தலையெடுக்க விட்டிருக்காது.

ஒயின் தெளியவேண்டும். அதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. வந்தவர்களுக்குக் கேக்கும் தேநீரும்தான். "ஒயின் எங்கே?" என்று கேட்டவர்களிடம், "இன்னும் ஆகலே" என்றார் மகள். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இல்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் ஆறு பாட்டில்கள் வரிசையாக நின்றன. அடைக்குமுன் மகள் கடைசியாக ஒருமுறை மிதவையை இறக்கினார். கிழவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து, எண்ணைத் தானே வாய்விட்டுப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு மகளின் நெற்றியை ஒருமுறை பார்த்துவிட்டு, முதல் கார்க்கைத் தன் கையால் அழுத்தினார்.

ஆறும் முடிந்தபின் சொன்னார்: "ஜூன்ல பிளம் வந்துடும். அந்த அரிசியை வேற எதிலயாவது கொட்டி வை."