திருத்தணி: 365 படிகளும் ஒரு டாக்டர் பட்டமும்

சென்னை சென்ட்ரலில் திருத்தணி மின்சார ரயிலில் ஏறினால், சுமார் இரண்டு மணி நேரத்தில் முருகன் மலையடிவாரத்துக்கு வந்துவிடலாம். அரக்கோணம் தாண்டியதுமே பெட்டிக்குள் தமிழோடு தெலுங்கும் கலந்து கேட்கத் தொடங்கும். எல்லை ஊர் அல்லவா! 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. மங்கலங்கிழார், ம.பொ.சி. போன்றோர் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது.

அறுபடை வீடுகளில் இது ஐந்தாவது. சூரனை வென்ற கோபம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் என்பதால் தணிகை. அதனால்தான் மற்ற முருகன் தலங்களில் கந்த சஷ்டியன்று சூரசம்ஹாரம் நடக்க, இங்கே மட்டும் மலர் அர்ச்சனையோடு நிறைவு பெறுகிறது. சாந்தமான சாமி, சாந்தமான ஊர்.

படிகளில் ஒரு வருஷம்

மலைக்கு வாகனப் பாதை உண்டு. ஆனால், திருத்தணியின் அழகே சரவணப் பொய்கைப் பக்கமிருந்து ஏறும் படிகள்தான். மொத்தம் 365. நாளுக்கு ஒன்று என்று கணக்கு. டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவில், பஜனைக் குழுக்கள் ஒவ்வொரு படியிலும் நின்று திருப்புகழ் பாடி, கற்பூரம் ஏற்றி மேலே போவார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், இந்தப் படிக்கட்டு ஒரு 'மாதிரி'. வருஷத்தின் மழை, வெயில், நல்லது, கெட்டது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எண்ணிக்கையை மட்டும் கல்லில் எடுத்து வைத்திருக்கிறார்கள். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை விடுவதுதான் விஞ்ஞானிகள் சொல்லும் 'மாடலிங்'. அந்த மாதிரியைக் கணினியில் ஓட்டி ஒத்திகை பார்ப்பது 'சிமுலேஷன்'. "பொண்ணு மாடலிங்ல டாக்டர் பட்டம் வாங்கப் போறா" என்றால், சொந்தக்காரர்கள் ஃபேஷன் ஷோ என்று நினைத்துப் பதறக்கூடும்! பதற வேண்டாம். புயல் எங்கே கரை கடக்கும், நோய் எப்படிப் பரவும், ராக்கெட் எப்படிப் பறக்கும் என்று முன்கூட்டியே கணக்கிடும் துறை இது.

காவடிக் கூட்டமும் கணக்கும்

இதன் அருமை புரிய ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வர வேண்டும். புஷ்பக் காவடிகளோடு லட்சக்கணக்கானோர் திரள்வார்கள். ஏறுகிறவர்களுக்கு எந்த வழி, இறங்குகிறவர்களுக்கு எந்த வழி, தடுப்புக் கட்டைகளை எங்கே வைப்பது? உயிருள்ள கூட்டத்தை வைத்துச் சோதனை செய்ய முடியாது. கணினியில் செய்யலாம்.

1995-ல் ஹெல்பிங், மோல்நார் என்ற இரு ஆய்வாளர்கள், நடந்து போகும் ஒவ்வொருவரையும் விசைகளால் நகரும் துகளாகக் கணக்கிட்டார்கள். போக வேண்டிய இடம் இழுக்கும். பக்கத்து ஆளும் சுவரும் விலக்கித் தள்ளும். இந்த வழியில் 2000-ல் வெளியான ஆய்வொன்றின் முடிவு வியப்பானது. பதற்றத்தில் எல்லோரும் வேகமாக வெளியேற முண்டினால், வாசல் அடைபட்டு, மொத்தக் கூட்டமும் தாமதமாகத்தான் வெளியேறும். கோயில் வரிசையில் "முண்டாதீங்க, மெதுவா போங்க" என்று சொல்லும் பாட்டிமார்களுக்கு இது ஏற்கெனவே தெரியும்!

என்னென்ன தேவை?

அமெரிக்காவில் ஓல்ட் டொமினியன், சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையின் பெயரிலேயே பிஎச்.டி. தருகிறார்கள். நம் நாட்டில் பெங்களூரில் 1988-லேயே இதற்கென சி.எஸ்.ஐ.ஆர். ஒரு மையத்தைத் தொடங்கியது. புனே பல்கலைக்கழகத்திலும் ஒரு மையம் உருவானது. ஆனால் பெரும்பாலும் கணிதம், இயற்பியல், கணினி, இயந்திரவியல் போன்ற துறைகளில் பதிவு செய்து, இந்த வகை ஆய்வைச் செய்வதே இங்கே வழக்கம். எனவே பட்டத்தின் பெயரைத் தேடி அலையாமல், இந்த ஆய்வைச் செய்யும் வழிகாட்டியைத் தேடுங்கள்.

யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி, முதுநிலையில் 55 சதவீதம், அல்லது நான்காண்டு இளநிலையில் 75 சதவீதம் மதிப்பெண் வேண்டும். பட்டியல் சமூகத்தினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 5 சதவீதம் சலுகை. பிறகு நுழைவுத் தேர்வு அல்லது நெட் மதிப்பெண், நேர்முகத் தேர்வு. சேர்ந்ததும் குறைந்தது 12 கிரெடிட்டுக்குப் பாடங்கள் படிக்க வேண்டும். ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன்பு ஆய்வின் முன்னேற்றத்தை விளக்க வேண்டும். ஆய்வேட்டை வெளியாட்கள் இருவராவது மதிப்பிட்ட பிறகு வாய்மொழித் தேர்வு. ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களுக்குத் தனி விதிகள் உண்டு.

காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. அதற்கு மேலும் பெண்களுக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கும். மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. "கல்யாணம் ஆயிடுச்சு, இனி எங்கே படிக்கிறது?" என்று மூட்டை கட்டி வைத்த புத்தகங்களை மறுபடி பிரிக்கலாம். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023-ல் உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டுக்குப் பாரமில்லாமல் படிக்க இது பெரிய ஆதரவு.

காகிதத்தில் இல்லாத தேவைகளும் உண்டு. வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவு, புள்ளியியல், புரோகிராமிங் நான்கிலும் பழக்கம் வேண்டும். அதைவிட முக்கியம், களம் தெரிய வேண்டும். காவடிக் கூட்டத்தை ஆராய்கிறவர், கிருத்திகையன்று படியோரம் நின்று நிமிடத்துக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தோளில் காவடி உள்ளவருக்கு எவ்வளவு இடம் தேவை? கைக்குழந்தையோடு வருகிறவர் எந்த இடத்தில் உட்காருவார்? இதெல்லாம் கணக்கில் வராவிட்டால், திரையில் ஓடும் கூட்டம் வெறும் பொம்மலாட்டம். நிஜத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காத மாதிரியை எந்தத் தேர்வாளரும் ஏற்க மாட்டார்.

ஊர் பெற்ற பிள்ளை

இந்த விதிகளின் வேரைத் தேடிப் போனாலும் திருத்தணிக்கே வந்து சேருகிறோம். 1888 செப்டம்பர் 5 அன்று இங்கே பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். வசதியில்லாத குடும்பம். உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த தத்துவப் புத்தகங்கள் கையில் இருந்ததால், தத்துவமே அவர் பாடமானது. வேலூரிலும் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். 1908-ல் எம்.ஏ.வுக்காக வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வேடு எழுதினார். பிஎச்.டி. ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர் அல்லர். அவர் பெயருக்கு முன்னால் நாம் சொல்லும் 'டாக்டர்', பல்கலைக்கழகங்கள் கௌரவமாகத் தந்தது.

அவரே 1948-ல் இந்தியப் பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் தலைவரானார். பிஎச்.டி. குறைந்தது இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். ஆய்வேட்டோடு வாய்மொழித் தேர்வும் வேண்டும். அந்தத் தேர்வு துறை முழுவதிலும் உள்ள அறிவைச் சோதிக்க வேண்டும். மாணவர் குறுகிய நிபுணராகிவிடாமல் ஆழமும் அகலமும் பெற வேண்டும் என்று அந்தக் குழு 1949-ல் பரிந்துரைத்தது. பல்கலைக்கழகங்களுக்கு நிதி வழங்க ஓர் ஆணையம் வேண்டும் என்றதும் அதே அறிக்கைதான். 1953-ல் யு.ஜி.சி. பிறந்தது.

ஆழமும் அகலமும் என்ற அந்த இரண்டு சொற்கள், மாடலிங் துறைக்காகவே எழுதியதுபோல இருக்கின்றன. கணிதம் மட்டும் தெரிந்தால் போதாது, களம் மட்டும் தெரிந்தாலும் போதாது.

அடுத்த முறை பிள்ளைகளோடு திருத்தணி போனால், வெயிலுக்கு முன் காலையிலேயே படியேறுங்கள். தரிசனம் முடிந்து சந்தனப் பிரசாதம் வாங்குங்கள். இறங்கும்போது ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் இது என்று சொல்லுங்கள். மூன்று வருஷப் படிப்பு என்றால் 1,095 படி, அவ்வளவுதான். இடையில் உட்கார்ந்து இளைப்பாறலாம். முண்டியடிக்க மட்டும் வேண்டாம்.