கம்பிக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர்

கையடக்க வானொலிக் கருவியைக் கணினியோடு இணைக்கும் கேபிள் பார்வைக்கு மிக எளிய பொருள். ஒரு முனையில் யூஎஸ்பி; மறுமுனையில் 3.5 மி.மீ., 2.5 மி.மீ. அளவுகளில் இரண்டு ஊசிகள். விலையை மட்டும் பார்த்து வாங்கிவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற எங்கள் நண்பர் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு: எந்தக் கருவி வாங்கலாம், எந்தக் கேபிள் வாங்கலாம். முதலாவதற்கு ஆளுக்கொரு விடை வைத்திருக்கிறோம். இரண்டாவதற்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கேபிளைப் பார்க்காதீர்கள், அதற்குள் இருக்கும் சில்லைப் பாருங்கள்.

கேபிள் எதற்கு என்று கேட்கலாம். 2012இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய பாவ்ஃபெங் யூவி-5ஆர் கருவியில் 128 அலைவரிசைகளைப் பதியலாம். ரிப்பீட்டர் வழியாகப் பேச வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் அதிர்வெண், இடைவெளி, அது கூடுமா குறையுமா என்பது, கூடவே அனுப்ப வேண்டிய மெல்லிய தொனி என எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும். இத்தனையையும் சிறிய விசைப்பலகையில் ஒவ்வொன்றாக அழுத்துவது பொறுமைக்கு வைக்கும் தேர்வு. சிர்ப் என்னும் இலவச மென்பொருளில் அதே பட்டியலை அட்டவணையாக எழுதி, ஒரே மூச்சில் கருவிக்குள் அனுப்பிவிடலாம்.

ஆனால் கணினி பேசுவது யூஎஸ்பி. வானொலி அறிந்ததோ பழைய தொடர்நிலைத் தகவல் முறை. இரண்டுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. யூஎஸ்பி முனையின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அமர்ந்திருக்கும் சில்லுதான் அவர். ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ, தைவானின் புரோலிஃபிக், சீனத்தின் சிஎச்340 ஆகியவை இத்தொழிலில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். சிக்கல் என்னவென்றால், முதல் இரண்டின் பெயரையும் சூடிக்கொண்ட போலிகள் சந்தையில் ஏராளம். வெளிக்கூட்டைப் பார்த்து எவராலும் பிரித்தறிய முடியாது.

2014 அக்டோபரில் எஃப்டிடிஐ இதற்கொரு பதிலடி கொடுத்தது. விண்டோஸ் புதுப்பிப்பு வழியாக வந்த அதன் புதிய இயக்கி, போலிச் சில்லின் அடையாள எண்ணைச் சுழியமாக மாற்றியது. நேற்றுவரை வேலை செய்த கேபிளை இன்று கணினி அடையாளம் காணவில்லை. பெரும் எதிர்ப்பு எழுந்தபின் அந்த இயக்கி விலக்கிக்கொள்ளப்பட்டது. 2016இல் வந்த வேறொரு பதிப்பு, போலிச் சில்லைக் கண்டால் தகவலுக்குப் பதிலாக 'இது அசல் அன்று' என்னும் பொருள்பட ஒரு வாசகத்தை அனுப்பியது. புரோலிஃபிக்கின் புதிய இயக்கிகளோ போலிகளோடு நில்லாமல், தன்னுடைய பழைய சில்லுகளையும் சேர்த்தே மறுத்தன.

நிறுவனத்தின் கோபம் நியாயமானதே. ஆனால் அடி விழுந்தது யார்மீது? போலி செய்தவர்மீது அன்று. அறிந்தே விற்றவர்மீதும் அன்று. எதுவும் அறியாமல் வாங்கிய கடைசி மனிதர்மீது. திருட்டுப் பதிப்பு என்று அறியாமல் புத்தகம் வாங்கிய வாசகரின் வீடு தேடிச் சென்று பக்கங்களைக் கிழிப்பதற்கு ஒப்பானது இது.

இன்னொரு நுட்பமும் உண்டு. டிஒய்டி எம்டி-380 என்னும் எண்முறைக் கருவிக்கான கேபிளிலும் அதே இரண்டு ஊசிகள்தாம். அக்கருவி நேரடியாகவே யூஎஸ்பி பேசும் என்பதால் கேபிளுக்குள் சில்லே கிடையாது. அதை யூவி-5ஆரில் செருகினால் ஊசி பொருந்தும், உரையாடல் நிகழாது. உருவ ஒற்றுமை உறவாகிவிடாது.

இத்தனை கவலை ஒரு கேபிளுக்கா என்று சிரிக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் கைபேசிகள் ஊமையானதை நாம் கண்டோம். அப்படியொரு நாளில்தான் ஒரே ரிப்பீட்டரின் விவரங்களைப் பத்துக் கருவிகளில் விரைந்து பதிய வேண்டியிருக்கும். அன்று மடிக்கணினி இயக்கி வேண்டும் என்று கேட்டால், தரவிறக்க இணையம் இருக்காது. எனவே கேபிளைச் சோதிக்க வேண்டிய காலம் மழைக்கு முன்பே.

எங்கள் தேர்வு இதுதான். செலவழிக்க முடிந்தால், சில்லின் பெயரை வெளிப்படையாகச் சொல்லும் நம்பகமான விற்பனையாளரிடம் அசல் எஃப்டிடிஐ. இல்லையெனில், தன் சொந்தப் பெயரிலேயே விற்கப்படும் மலிவான சிஎச்340. பெரிய பெயரின் போலியைவிடச் சிறிய பெயரின் அசல் மேல். ஊசியை இறுதிவரை அழுத்திச் செருக வேண்டும். பாதி தொடர்பு பல நேரங்களில் சில்லின் குற்றம்போலவே தோன்றும். எழுதுவதற்கு முன் கருவியில் இருப்பதை முழுமையாகப் படித்து ஒரு நகலைச் சேமிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் எத்தனை நேர்மையானவராயினும், மூலம் நம் கையில் இருப்பது நல்லது.