ஐந்தரை அங்குல வட்டம்

ரிவர்சைடு, கலிஃபோர்னியா
மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? பெருங்காயம் போட்ட எண்ணெய் தடவுகிறார் என்று அம்மா சொன்னாள். அதோடு டாக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

போன வாரம் போனில் சிரித்தீர்களே, "பத்துச் சக்கர லாரியை எங்க பசங்க மத்தியானத்துக்குள்ள முடிச்சு அனுப்பிருவாங்க, நாலு சக்கரத்தை நீ பொங்கல்ல இருந்து மாத்திக்கிட்டே இருக்கியே" என்று. போனில் சொல்லித் தீராத விஷயம் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களோடு ஒரு சண்டையும் பாக்கி இருக்கிறது, அது கடைசியில்.

உங்கள் லாரியை ஒரே கம்பெனி செய்தது. அச்சு, டிரம், ரிம், போல்ட் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று ஒருவன் உட்கார்ந்து வரைந்து கொடுத்தான். என் ஹாட் ராட், பல கார்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது, அப்படி இல்லை. என் காரின் வடிவம் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர், உடம்பு ஃபைபர், இன்ஜின் செவர்லே 350. பின் அச்சு எழுபதுகளில் வந்த ஏதோ ஒரு ஃபோர்டின் ஒன்பது அங்குல அச்சு. முன் அச்சு மட்டும் பழைய ஃபோர்டு முறையிலேயே இருக்கிறது: ஐ-பீம், இரண்டு முனையிலும் கிங் பின், குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். நீங்கள் பார்த்தால் லாரி முன்னச்சின் குட்டி என்பீர்கள். இவை ஒன்றோடொன்று சேரும் என்று எந்தத் தொழிற்சாலையும் வாக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பொருந்தாமை முழுவதும் சக்கரத்தில்தான் வந்து தெரியும்.

முன் ஹப்பில் ஐந்து போல்ட்டும் ஐந்தரை அங்குல வட்டத்தில் நிற்கின்றன. 1932 ஃபோர்டில் இருந்த அளவு அது. பின் அச்சில் நாலரை அங்குல வட்டம். ஐந்து துளை என்பதால் நேர் எதிரே துளை கிடையாது, குறுக்கே டேப் வைத்து அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையங்களை அளக்க வேண்டும். 82 மில்லிமீட்டர் வந்தால் ஐந்தரை, 67 வந்தால் நாலரை. இந்த ஐந்தரை அங்குலம் உங்களுக்குப் புதிதல்ல மாமா. நம் ஊர் பழைய மஹிந்திரா ஜீப்பும், மாருதி ஜிப்ஸியும் இதே வட்டம்தான், 139.7 மில்லிமீட்டர். மஹிந்திராவுக்கு அது வில்லிஸ் ஜீப்பிலிருந்து வந்த அளவு.

எனக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்தவருக்கு நான்கு சக்கரமும் ஒரே அலாயாக இருக்க வேண்டும் என்று ஆசை. அதற்காக முன்னால் ஒன்றேகால் அங்குலம் தடித்த அலுமினிய அடாப்டர் போட்டு ஐந்தரையை நாலரையாக்கிவிட்டார். வட்டம் பொருந்திவிட்டது. ஆனால் இரண்டு முன்சக்கரமும் அதே ஒன்றேகால் அங்குலம் வெளியே தள்ளிப் போயின. கிங் பின்னின் சாய்வுக் கோட்டை நீட்டினால் டயர் தரையில் படும் இடத்தின் நடுவுக்குப் பக்கமாக வந்து விழ வேண்டும் என்று நீங்கள்தான் எனக்குச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்டினீர்கள். இங்கே கோடு எங்கேயோ, டயர் எங்கேயோ. ஒரு பள்ளத்தில் ஏறினால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். பேரிங்குக்கும் பாரம் கூடுதல்.

சக்கரத்தைக் கழற்றியபோது அதைவிட மோசமானது தெரிந்தது. அடாப்டரை ஹப்போடு பிடிக்கும் நட்டுகள் சக்கரத்துக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. சக்கரத்தைக் கழற்றாமல் அவற்றைத் தொடவே முடியாது. இடது பக்கம் ஒரு நட்டு ஸ்பானரே வேண்டாமல் விரலுக்குத் திரும்பியது. அதன் அடியில் அலுமினியம் கரைந்து கருஞ்சாம்பல் பொடியாகக் குழைந்திருந்தது. தொட்ட விரலைத் துணியில் துடைத்தும் அந்தக் கறுப்பு போகவில்லை. அங்கேயே முடிவு செய்துவிட்டேன், அடாப்டர் வேண்டாம். பின் அச்சை முன்னுக்குச் சமமாக்குவது. இதே ஒன்பது அங்குல அச்சை ஃபோர்டு தன் பிக்கப் வண்டிகளில் ஐந்தரை வட்டத்தோடு போட்டிருக்கிறது. அதனால் அந்த வட்டத்தில் துளையிட்ட புது ஆக்ஸில் ஷாஃப்டுகள் ஆர்டர் கொடுத்தால் செய்து தருகிறார்கள். டிரம்மும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். செலவு கையைக் கடிக்கும். பொங்கலிலிருந்து இழுப்பதற்குப் பாதிக் காரணம் அந்த ஷாஃப்ட் வந்து சேர்ந்த அழகு.

இதற்கெல்லாம் பிறகுதான் எந்தச் சக்கரம் என்ற கேள்வியே. இங்கே எல்லோரும் அதை முதலில் கேட்பார்கள். போமோனாவில் பழைய கார்ச் சந்தை கூடும்போது போய்ப் பார்க்க வேண்டும். விடிவதற்கு முன்னாலேயே டார்ச் அடித்துக்கொண்டு ரிம் தேடுகிறார்கள். டெட் ஹாலிபிராண்ட் என்பவர் போருக்குப் பின் இண்டியானாபோலிஸ் பந்தயக் கார்களுக்கு வார்த்த மெக்னீசியம் சக்கரங்களை நகைபோலத் துணியில் சுற்றி வைத்து விற்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மெக்னீசியம் வயதானால் உள்ளுக்குள் அரித்து விரிசல் விடும், சுவரில் மாட்டலாம், சாலையில் ஓட்டக் கூடாது. அலாயில் டார்க் த்ரஸ்ட் என்று ஒன்று, ஸ்டீவ் மெக்வீன் 'புல்லிட்' படத்தில் ஓட்டிய மஸ்டாங்கில் இருந்தது. எனக்கு அதில் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டில் ஒரு ரோட்ஸ்டர் அதைத்தான் போட்டிருக்கிறது.

நான் எடுத்தது இரும்புச் சக்கரம். நாற்பதுகளின் ஃபோர்டு சாயலில் இப்போது புதிதாகச் செய்வது, சிவப்பு பெயிண்ட், நடுவில் சின்னக் குரோம் மூடி. முன்னால் 15-க்கு 5, பின்னால் 15-க்கு 7. அசல் பழைய ரிம் கிடைத்தால் வாங்கலாமே என்று கேட்பீர்கள். அவற்றில் சில ரிவெட் அடித்தவை, ரிவெட் வழியாகக் காற்று கசியும், ட்யூப் இல்லாமல் ஓடாது. இந்தக் காரில் இனி நான் ட்யூப் மாற்றத் தயாராக இல்லை.

அகலம் வாங்கும்போது ஒரு கணக்கு. ஏழு அங்குல ரிம் என்றால் டயர் உட்காரும் இரண்டு விளிம்புக்கு நடுவே ஏழு. உதடுகளையும் சேர்த்து வெளிவெளியாக அளந்தால் எட்டு வந்துவிடும். ஹப்பில் ஒட்டும் முகத்திலிருந்து உள் உதடு வரை நான்கு அங்குலம் இருந்தால் சக்கரம் சரியாக நடுவில் நிற்கிறது என்று பொருள். இதை மறந்து ஏழில் பாதி மூன்றரை என்று கணக்குப் போட்டு வாங்கியவர்கள், பின் டயர் உடம்பில் உரசிய தழும்போடு சந்தையில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

முன் டயர் சின்னது, பின் டயர் பெரியது என்பது இந்தக் கார்களின் இலக்கணம். அழகுக்காக மட்டும் வந்ததல்ல. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பையன்கள் மியூராக், எல் மிராஜ் வறண்ட ஏரிகளில் ஓட்டப்போகும்போது, அதே கியர் விகிதத்தில் உச்ச வேகம் கூட வேண்டும் என்று பின்னால் உயரமான டயர் மாட்டினார்கள். முன்னால் சின்னது, எடையும் காற்றுத் தடையும் குறைவு. மூக்கு தாழ்ந்த அந்த நிற்பு அப்படி வந்ததுதான். என் காரில் முன்னால் 165 ஆர் 15, பின்னால் 235/75 ஆர் 15. பின் டயரின் உயரம் ஏறக்குறைய 29 அங்குலம். முன்பு இருந்தது 30. அதனால் ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது இனி உண்மையில் 58 மைல்தான். போலீஸ் விஷயத்தில் நல்ல திசையில் தப்பு.

நைலானா ரேடியலா என்று நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், ரேடியல். நைலான் மாதிரியான பழைய பயஸ் டயரைப் பழைய அச்சிலேயே இன்னும் வார்க்கிறார்கள், டென்னசியில் கோக்கர் என்ற கம்பெனி அதற்கே பேர் போனது. பக்கவாட்டு வெள்ளைப் பட்டையோடு அதைப் பார்த்தால் மனசு அலையும். ஆனால் இங்கே ஃப்ரீவேயில் தண்ணீர் வடிய கான்கிரீட்டில் நீளவாக்கில் கோடு கீறியிருக்கிறார்கள். பயஸ் டயர் அந்தக் கோட்டையெல்லாம் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் இழுக்கும். ராத்திரி முழுக்க நின்றால் அடிப்பக்கம் தட்டையாகி, காலையில் முதல் கொஞ்ச தூரம் தடதடவென்று போகும். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று கலந்து போடுபவனும் இருக்கிறான். அவனோடு நான் பேசுவதில்லை.

உங்கள் டயரும் என் டயரும் சாகும் விதம் வேறு, மாமா. உங்களுடையது தேய்ந்து சாகிறது. என்னுடையது வயதாகிச் சாகும். ஹாட் ராட் வருஷத்தில் ஓடும் தூரம் கொஞ்சம், பட்டன் புதிது போலவே இருக்கும், ரப்பர் மட்டும் உள்ளே கட்டியாகிக்கொண்டே வரும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும். 1712 என்றால் 2012-இன் 17-ஆவது வாரம் செய்தது. என் பழைய டயரில் இருந்ததும் ஏறக்குறைய அதுதான், பட்டன் முக்கால்வாசி மிச்சம். 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' நடிகர் பால் வாக்கர் 2013-இல் இதே தெற்கு கலிஃபோர்னியாவில் போர்ஷே கார் விபத்தில் இறந்தாரே, வேகம்தான் காரணம் என்றது விசாரணை. ஆனால் அந்த போர்ஷேயின் டயர்களுக்கு ஒன்பது வயது என்பதும் அந்த விசாரணையில்தான் வெளியே வந்தது. புது டயர் வாங்கும்போதும் கடைக்காரரை வெளியே தள்ளி வைத்துவிட்டு டார்ச் அடித்து இலக்கம் பார்த்துத்தான் எடுத்தேன். பேலன்ஸ் செய்யும்போது ஈயக் கட்டி கேட்டால் கிடையாது. 2010 முதல் கலிஃபோர்னியாவில் ஈயத்துக்குத் தடை. துத்தநாகம், இல்லையேல் இரும்பு.

சக்கரம் மாட்டியபின் இங்கே ஒரு பழைய சோதனை உண்டு. ஒரு பக்க ரிம்மின் அடி விளிம்பிலிருந்து எதிர்ப்பக்க டயர் தரையில் தொடும் இடத்துக்கு ஒரு நூல், அதேபோல மறுபக்கமிருந்து ஒன்று. குறுக்காக ஓடும் இந்த இரண்டு நூலுக்கும் கீழே எதுவும் தொங்கக் கூடாது. டயர் வெடித்துக் கார் ரிம்மில் உட்கார்ந்தாலும் ஸ்டீயரிங் கம்பியோ பிரேக் பைப்போ தரையில் உரசக் கூடாது என்பதற்காக. என் காரில் ஷாக் அப்சார்பரின் கீழ்த் தாங்கி நூலைத் தொட்டது, வெட்டி மேலே ஏற்றி வெல்டு அடித்தேன்.

அதோடு போல்ட்டுகளையும் மாற்றிவிட்டேன். முன்னவர் முன்னச்சு முழுக்க பளபளவென்று ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டிருந்தார். கண்காட்சிக்கு நல்லது. ஆனால் சாதாரண ஸ்டெயின்லெஸ், தலையில் மூன்று கோடு போட்ட கிரேடு 5-ஐ விடவும் பலம் குறைவு. உங்கள் கணக்கில் 8.8 என்பதுதான் இங்கே கிரேடு 5, ஆறு கோடு போட்ட கிரேடு 8 என்றால் 10.9. ஸ்டீயரிங், அச்சு சம்பந்தப்பட்ட இடமெல்லாம் ஆறு கோடு, காசில் நட்டு, புது ஸ்பிளிட் பின். கறுப்பாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். வீல் போல்ட்டில் எண்ணெய் தொட்டு வைத்துத்தான் நட்டு ஏற்ற வேண்டும் என்கிறீர்கள். உங்கள் லாரியில் அது சரி. ஹப்பே சக்கரத்தைத் தாங்கும் வகையில், வாஷரோடு வரும் தட்டை நட்டுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லிக் கம்பெனிகளே எழுதியிருக்கின்றன. என் காரில் கூம்பு நட்டு, அரை அங்குலப் போல்ட், அங்குலத்துக்கு 20 மரை. 80 அடி-பவுண்டு, அதாவது சுமார் 108 நியூட்டன் மீட்டர் என்று சொல்லும் அளவு உலர்ந்த, சுத்தமான மரைக்கு. எண்ணெய் இருந்தால் ரெஞ்ச் அதே 80 காட்டும், போல்ட் மட்டும் அதற்கு மேல் இழுபட்டு நிற்கும். கூம்பு உட்காரும் இடத்திலும் அப்படியே, பெயிண்ட் தடிமனாக இருந்தால் ஓடிய பிறகு பெயிண்ட் நசுங்கி நட்டு தளரும். நான் அந்த ஐந்து குழியையும் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டி அடிக்கச் சொல்லி வாங்கினேன். நட்டு குறைந்தது பத்துச் சுற்று ஏறுகிறதா என்று எண்ணிப் பார்த்தேன், அரை அங்குலப் போல்ட்டுக்கு அரை அங்குலமாவது மரை பிடிக்க வேண்டும். நட்சத்திர வரிசையில் இறுக்கி, ஐம்பது மைல் ஓட்டி வந்து மறுபடியும் இறுக்கினேன். இரண்டு நட்டு கொஞ்சம் நகர்ந்தது. நீங்கள் யூ போல்ட்டை லோடு ஏற்றிய பிறகு மறுபடி இறுக்கச் சொல்வீர்களே, அதே சங்கதி.

பட்டறைக்குப் பின்னால் நிற்கும் மஹிந்திரா ஜீப்பில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை இருந்தது என் நினைவு. இப்போதும் அப்படியே இருக்கிறதா, இல்லை யாராவது வலது மரை போல்ட் அடித்து மாற்றிவிட்டார்களா? பார்த்துச் சொல்லுங்கள். ரிம் நன்றாக இருந்தால் விற்றுவிடாதீர்கள்.

ஜூனில் வரும்போது உங்களுக்கு டார்க் ரெஞ்ச் ஒன்று கொண்டுவருகிறேன், காருக்கு ஆகும் அளவுதான். லாரிக்கான பெரியதை எடுத்தால் பெட்டி எடை முழுக்க அதற்கே போய்விடும், அப்புறம் அத்தைக்கு நான் பதில் சொல்ல முடியாது. எண்ணெய்க் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதைப் பயன்படுத்தினாலும் நான் கேட்கப்போவதில்லை.

உங்கள் மருமகன்,
சிவா