உபயம்: 73,986 பேர்

ஆணி புடுங்குற எடத்துல போன வாரம் ஒரு பெரிய ரிலீஸ். சனி, ஞாயிறு ரெண்டும் கோவிந்தா. அதைப் பத்தி ஒரு பாட்டம் புலம்பலாம்னுதான் உக்காந்தேன். ஆனா ரிலீஸ் தேதி தள்ளிப்போறதைப் பத்தி எழுத ஆரம்பிச்சதும் பழைய கதை ஒண்ணு ஞாபகம் வந்துடுச்சு. அதனால இது கொசுவத்திப் பதிவு மக்களே. வீடியோ கேம்னாலே காத தூரம் ஓடுறவங்களும் தைரியமா படிக்கலாம்.

2012. நான் பத்தாங்கிளாஸ். எங்க பெரியப்பா பையன் அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போனார். எங்க வீட்டுல அண்ணன்னா அவர்தான். போகும்போது தன்னோட பழைய கம்ப்யூட்டரை என்கிட்ட குடுத்துட்டுப் போனார். பாட்டு, படம் எல்லாத்தையும் அழிச்சுட்டு ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டு வச்சிருந்தார். பால்டர்ஸ் கேட்.

1998-ல வந்த ஆட்டம் அது. ரோல்பிளேயிங் கேம்னு சொல்லுவாங்க. ஓவியம் மாதிரி வரைஞ்ச ஊரை மேலேர்ந்து சாய்வா பாப்போம். நம்ம கூட்டத்துல ஆறு பேர். வாளைத் தூக்குறதைவிட வாயைத் திறக்குறதுதான் அதிகம். ஒவ்வொருத்தன்கிட்டயும் பேசணும், அவன் சொல்றதைப் படிக்கணும், நாம சொல்ற பதிலுக்குத் தக்க கதை நகரும். தமிழ் மீடியத்துல படிச்ச எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்ததுல பாதி எங்க சார், பாதி இந்த ஆட்டம். பக்கத்துல டிக்‌ஷனரி வச்சுக்கிட்டு கேம் ஆடின ஜீவன் எங்க தெருவுலயே நான் ஒருத்தன்தான்.

சிக்கல் என்னன்னா, அந்த மாதிரி ஆட்டம் வர்றதே கிட்டத்தட்ட நின்னு போயிருந்துச்சு. பால்டர்ஸ் கேட்டைச் செஞ்சது பயோவேர். வெளியிட்டது இன்டர்ப்ளேயோட பிளாக் ஐல். அந்த பிளாக் ஐல் 2003-ல மூடியாச்சு. அங்கேர்ந்து வந்தவங்க அதே வருஷம் கலிபோர்னியாவுல அப்சிடியன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. ஆனா பழைய பாணியில ஒண்ணு செய்யக் காசு போட யாரும் தயாரா இல்ல. 2012-ல அவங்க மைக்ரோசாஃப்டுக்காகச் செஞ்சுட்டிருந்த ஒரு ஆட்டமும் ரத்தாகி, நிறைய பேருக்கு வேலை போச்சு.

அந்தச் சமயத்துலதான் வேற ஒரு வழி திறந்துச்சு. கிக்ஸ்டார்ட்டர். 'எங்ககிட்ட இப்படி ஒரு யோசனை இருக்கு, நீங்க காசு குடுத்தா செய்யறோம்'னு நேரா ரசிகர்கள்கிட்டயே துண்டு ஏந்துறது. 2012 பிப்ரவரியில டபுள் ஃபைன்னு ஒரு கம்பெனி 4 லட்சம் டாலர் கேட்டு 33 லட்சம் வாங்குச்சு. அடுத்த மாசம் வேஸ்ட்லேண்ட் 2 ஆட்டத்துக்கு 29 லட்சம் சேந்துச்சு. செப்டம்பர் 14-ஆம் தேதி அப்சிடியன் துண்டு ஏந்துச்சு. கேட்டது 11 லட்சம் டாலர். ஒரு நாள் சொச்சத்துல அது நிறைஞ்சுடுச்சு. ஒரு மாசம் கழிச்சு முடியும்போது 39,86,929 டாலர். போட்டவங்க 73,986 பேர்.

இத்தனைக்கும் ஆட்டம்னு ஒண்ணு அப்ப கிடையாது. சில படங்கள், ஃபால்அவுட் செஞ்ச டிம் கெய்ன், பிளேன்ஸ்கேப் டார்மென்ட் எழுதின கிரிஸ் அவெலோன், ஐஸ்விண்ட் டேல் 2 செஞ்ச ஜாஷ் சாயர்னு சில பேரோட முகங்கள், ஒரு வாக்குறுதி. அவ்ளோதான்.

அந்த ஒரு மாசமும் எனக்குக் கால் தரையில இல்ல. தினமும் சாயங்காலம் பிரவுசிங் சென்டர்ல 15 ரூபாய் அழுது, எண்ணிக்கை எவ்ளோ ஏறியிருக்குன்னு பாப்பேன். இவ்ளோ தாண்டினா நமக்கு ஒரு வீடு, இவ்ளோ தாண்டினா கோட்டை, இன்னும் தாண்டினா ரெண்டாவது பெரிய நகரம்னு படிப்படியா ஆசை காட்டுவாங்க. இதுல ரொம்ப குசும்பு ஒரு பாதாளம். சேர்ற ஆளுங்க ஏற ஏற பாதாளத்துக்கு ஒரு தளம் கூடும். கடைசியில 15 தளத்துல போய் நின்னுச்சு.

நான் சேரல. சேரவும் முடியாது. கார்டு கிடையாது, டாலர் கிடையாது. 'அமெரிக்காக்காரன் இன்னும் செய்யவே ஆரம்பிக்காத விளையாட்டுக்குக் காசு குடுங்கப்பா'ன்னு கேட்டிருந்தா எங்கப்பா விளக்குமாத்தைத் தேடியிருப்பார். அண்ணன் சேர்ந்தார். யுனிவர்சிட்டி சாப்பாட்டுக் கூடத்துல பார்ட் டைமா தட்டு கழுவிட்டிருந்தவர், 25 டாலர் போட்டார். அன்னிக்குக் கணக்குக்கு 1,300 ரூபாய்க்கு மேல. போன்ல சொன்னப்போ நான் போட்ட கூச்சல்ல அம்மா அடுப்படியிலேர்ந்து கரண்டியோட ஓடி வந்தாங்க.

டிக்கெட் எடுக்காம தியேட்டர் வாசல்ல நின்னு விசில் அடிக்கிறவனைப் பாத்திருப்பீங்கல்ல? அது நான்தான்.

அவங்க சொன்ன தேதி 2014 ஏப்ரல். ஏப்ரல் வந்துச்சு, போச்சு. ஆட்டம் வரல.

"அண்ணே, உங்க 25 டாலர் அம்பேல். நல்லா ஏமாத்திட்டானுங்க."

"வரும்டா. அரைவேக்காட்டுல எறக்கச் சொல்றியா?"

"சொன்ன தேதிக்குக் குடுக்கத் துப்பில்லன்னா எதுக்குண்ணே தேதி சொல்லணும்?"

அண்ணன் சிரிச்சார். ஒரு பைசா போடாத எனக்கு வந்த கோவம், தட்டு கழுவிக் காசு போட்ட அவருக்கு வரல.

அந்த வருஷக் கடைசியில வேற ஒண்ணு நடந்துச்சு. தாத்தா வீட்டைப் பாகம் பிரிக்கிறதுல அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் முட்டிக்கிச்சு. விவரம் வேணாம், எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். பெரியவங்க பேச்சை நிறுத்தினாங்க. நானும் அண்ணனும் சண்டையே போடல. ஆனா போன் நின்னு போச்சு. அவர் கூப்பிடட்டும்னு நான் ஒரு வாரம் இருந்தேன். வாரம் மாசமாச்சு, மாசம் வருஷமாச்சு.

2015 மார்ச் 26. பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டிங்கற பேர்ல ஆட்டம் வெளிவந்துச்சு. எனக்கு பிளஸ் டூ பரீட்சை நடந்துட்டிருக்கு. பரீட்சை முடிஞ்ச கையோட அண்ணனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். வீம்பு விடல. காலேஜுக்குன்னு வாங்கின லேப்டாப்புல திருட்டுப் பிரதியை எறக்கினேன். 73,986 பேர் காசு போட்டு ரெண்டரை வருஷம் காத்திருந்த பொருள், எனக்கு மூணே நாள் டவுன்லோடுல கிடைச்சுது.

வந்த புதுசுல அதுல பிரபலமான ஒரு பிழை இருந்துச்சு. ஆயுதத்தையோ சட்டையையோ டபுள் கிளிக் பண்ணி மாட்டினா, கதாபாத்திரத்தோட சில திறமைகளே காணாமப் போயிடும். பேட்ச் குடுத்து சரி பண்ணிட்டாங்க. காசு குடுத்தவங்களுக்கு. திருட்டு மாங்காய்க்கு யாரு மருந்தடிப்பா?

ஆட்டத்துல நாம ஒரு 'வாட்சர்'. மத்தவங்க ஆன்மாவைத் தொட்டு அதோட பழைய கதையைப் படிக்கிற வரம் நமக்கு. குழந்தைங்க ஆன்மா இல்லாமலே பொறக்குற ஒரு நாட்டுல கதை நடக்கும். ஊருக்குள்ள தங்க நிறத்துல பேர் போட்ட சில பேர் நிப்பாங்க. கதைக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இருக்காது. கூடுதலா காசு போட்ட ரசிகர்கள் உருவாக்கின ஆளுங்க அவங்க. அங்கங்க நினைவுக் கல்லும் இருக்கும், அதுல இருக்கறதும் ரசிகர்கள் எழுதின வரிகள்தான். எனக்கு எரிச்சலா வந்துச்சு. கோயில் டியூப் லைட்டுல வெளிச்சமே வராத அளவுக்கு 'உபயம்'னு பேர் எழுதி வப்பாங்களே, அந்த மாதிரி இருக்கேன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட நக்கல் அடிச்சேன். லைட்டு வாங்கிக் குடுத்தவன் பேரை எழுதறான், ஓசியில வெளிச்சம் காயற உனக்கென்னடான்னு யாரும் திருப்பிக் கேக்கல.

கடைசிச் சண்டை முடிஞ்சு பேருங்க ஓட ஆரம்பிச்சுது. எஸ்கேப் பட்டனைத் தட்டிட்டு சாப்பிடப் போயிட்டேன்.

2019-ல இன்ஜினியரிங் முடிச்சு நானும் பொட்டி தட்ட வந்தேன். மொத ப்ராஜெக்ட். "இது எத்தனை நாள் ஆகும்?"னு கேட்டாங்க. மூணு வாரம்னு சொன்னேன். எட்டு வாரம் ஆச்சு. நான் பொய் சொல்லல. எனக்குத் தெரிஞ்ச வேலைக்குக் கணக்குப் போட்டேன், தெரியாத வேலை வரிசையா வந்து நின்னுச்சு. நடுவுல வேற கிளையன்ட் சந்தோஷமாயிட்டார்னு மேனேஜர் ரெண்டு ஐட்டத்தைச் சேத்து விட்டார். தேதி மட்டும் அதேதான்.

அன்னிக்கு ராத்திரி ஆபீஸ் கேன்டீன்ல தனியா டீ குடிக்கும்போது அப்சிடியன் ஞாபகம் வந்துச்சு. 11 லட்சம் டாலருக்குப் போட்ட கணக்கு 40 லட்சத்துக்கு வளர்ந்துச்சு. கோட்டை, ரெண்டாவது நகரம், 15 தளப் பாதாளம் ஒவ்வொண்ணுக்கும் யாரோ ஒருத்தன் ராத்திரி உக்காந்து கோடு எழுதியிருக்கணும். நான் பிரவுசிங் சென்டர்ல குதிச்சுக் கொண்டாடின ஒவ்வொரு தளமும் அவன் வீட்டுக்குப் போகாத சில வாரங்கள். 11 மாசம் லேட்டுன்னு நான் திட்டினது அவனைத்தான். இப்ப யோசிச்சா, லேட்டானாலும் உருப்படியா வந்து சேந்துச்சேங்கறதுதான் ஆச்சரியம்.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கல. 2013-ல 41 லட்சம் டாலர் சேத்த டார்மென்ட்: டைட்ஸ் ஆஃப் நியூமனெரா 2017-ல வந்தப்போ, சொல்லியிருந்த துணைப் பாத்திரங்கள் சில பேரைக் காணோம். இத்தாலிய மொழிபெயர்ப்பையும் கைவிட்டாங்க. காசு போட்டவங்க கொதிச்சாங்க. அது நியாயமான கோவம். அவங்க டிக்கெட் எடுத்தவங்க.

2020 ஊரடங்கு. வீட்டுலேர்ந்தே ஆணி. தள்ளுபடியில பில்லர்ஸை மொத தடவையா காசு குடுத்து வாங்கினேன். பிராயச்சித்தம்னு வச்சுக்கோங்க. திரும்ப மொதல்லேர்ந்து ஆடி முடிச்சேன். இந்தத் தடவை கையில சாம்பார் சாதத் தட்டு இருந்ததால எஸ்கேப் அடிக்கல. பேருங்க ஓடுது, ஓடுது, ஓடிட்டே இருக்கு. ஒரு காலத்துல தினமும் நான் எண்ணிப் பாத்த அந்தக் கூட்டம்.

நடுவுல என் பேர் ஓடிச்சு. இனிஷியலோட.

அதே பேர்ல வேற யாராவது இருக்கலாம்னுதான் மொதல்ல நினைச்சேன். ஆனா என் பேர்ல தேவையில்லாத ஒரு 'ஹெச்' உண்டு. ஆறாங்கிளாஸ் சேரும்போது ஃபாரம் நிரப்பிக் குடுத்தது அண்ணன். அவர் போட்ட அந்த 'ஹெச்' மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட்னு இன்னிக்கு வரைக்கும் என்னைத் தொரத்துது. வேற எவனும் அப்படி எழுத மாட்டான். திரும்ப ஓட விட்டு, மொபைல்ல வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். அதே 'ஹெச்'.

அத்தைகிட்ட நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். அங்க நடு ராத்திரின்னு அப்புறம்தான் உறைச்சுது.

"அண்ணே, நான்தான்."

ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. "என்னடா, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கள்ல?"

"எல்லாரும் நல்லாருக்காங்கண்ணே. அந்த ஹெச்சை அமெரிக்காவுலயும் போட்டு வச்சிருக்கீங்களே."

அவருக்குப் புரிய ரெண்டு வினாடி ஆச்சு. "அடப்பாவி, இப்பத்தான் பாத்தியா? அஞ்சு வருஷம் ஆச்சுடா."

"எஸ்கேப் அடிச்சிட்டேண்ணே."

பட்டியல்ல என்ன பேர் போடணும்னு கேட்டிருந்தாங்களாம். "உன்னாலதான் காசு போட முடியல. ஆட்டம் பாட்டம் எல்லாம் உன்னோடதுதானேடா" அப்படின்னார். அதுக்கு மேல விளக்கம் சொல்லல. ஆட்டம் வந்த அன்னிக்கே நான் கூப்பிடுவேன்னு போனைப் பக்கத்துலயே வச்சிருந்தாராம்.

"நீங்க முடிச்சீங்களாண்ணே?"

"எங்கடா? வேலை, கல்யாணம், பாப்பா. மொத நகரத்தையே இன்னும் தாண்டல."

அப்சிடியனை 2018-ல மைக்ரோசாஃப்டே வாங்கிடுச்சு. பில்லர்ஸ் நடக்குற அதே உலகத்துல 2025-ல அவவ்ட்னு ஒண்ணு வந்துச்சு. இன்னொரு பக்கம், 2013-ல கிக்ஸ்டார்ட்டர்ல 9 லட்சத்துச் சொச்சம் டாலர் வாங்கி டிவினிட்டி: ஒரிஜினல் சின் செஞ்ச லேரியன்தான் 2023-ல பால்டர்ஸ் கேட் 3-ஐக் குடுத்தாங்க. அதை ரெண்டு பேரும் ஆளுக்கொரு பிரதி வாங்கினோம். எனக்கு ஞாயிறு காலை, அவருக்கு சனி ராத்திரி. பாப்பா தூங்கினதும் ஒரு மணி நேரம் சேந்து ஆடறோம். இன்னும் மொத அங்கமே முடியல. அப்பாவும் பெரியப்பாவும் இப்பவும் பேசிக்கிறதில்ல. கல்யாண வீட்டுல பாத்தா தலையாட்டிக்கிற அளவுக்கு வந்திருக்காங்க.

எங்களுக்குள்ள ஒரே ஒரு கண்டிஷன். என்னிக்காவது முடிச்சு பேர் ஓடும்போது யாரும் எஸ்கேப் அடிக்கக் கூடாது.

டிஸ்கி: அரசிதழ்ல போட்டு அந்த 'ஹெச்'சை எடுத்துடலாம்னு அப்பா சொல்லிட்டே இருக்கார். வேணாம்னுட்டேன்.