கிளட்ச் இல்லாத வண்டிக்கும் கியர் ஆயில் உண்டு

சென்ற இதழ் கேள்வி-பதில் பகுதியில், ‘ஆட்டோமேட்டிக் கியர் பிக்கப்புக்கு கியர் ஆயில் மாற்ற வேண்டுமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்’ என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. பதில் சரிதான். ஆனால், அந்தக் கையேட்டைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டேஷ்போர்டு பெட்டியிலேயே வைத்திருந்தவன் நான். பட்ட அனுபவத்தை எழுதினால் அந்த வாசகருக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவே இருக்கிறது. 2010-ல் ரெனோ-நிசான் கார் ஆலை வந்தது, 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலை வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்தவற்றை எண்ண விரல் போதாது. எங்கள் நிலத்திலும் பாதி தொழிற்பேட்டைக்குப் போனது. மிச்சமுள்ள ஒன்றரை ஏக்கரில் கீரை, வெண்டை, கத்திரி. அக்கம்பக்கத்து நாலு வீட்டுக் காய்களையும் ஏற்றிக்கொண்டு வாரம் நாலு நாள் கோயம்பேடு போய்வருவேன்.

கார் ஏற்றும் டிரெய்லர்களும் ஷிஃப்ட் பஸ்களும் நிற்கிற ரோட்டில் பழைய வண்டியின் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் போய்விட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர், “இனிமே கிளட்ச் வண்டி ஓட்டினா திரும்ப என்கிட்டதான் வருவீங்க” என்றார். நிலத்துக்கு வந்த பணத்தில் மீதியைப் போட்டு, 62,000 கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒன்றை வாங்கினேன். “இது சீல் பண்ணின பெட்டிங்க. ஆயுசுக்கும் கியர் ஆயிலைத் தொடவே வேணாம்” என்று விற்றவர் சொன்னார். காதுக்கு இனிப்பாக இருந்தது, நம்பிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு சித்திரை மாத விடியற்காலை. முழு லோடு. வெளிவட்டச் சாலையில் ஒரு மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. ஒரு கணம் கழித்து வெடுக்கென்று உதைத்துக்கொண்டு கியர் விழுந்தது. பின்னால் டிரெய்லர் ஹாரன். உருட்டிக்கொண்டு கோயம்பேடு போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. கீரைக்கு அந்த நேரத்தில் ஏது விலை? எங்கள் கீரை வாடினது பரவாயில்லை, பக்கத்து வீட்டு அண்ணி கொடுத்தனுப்பிய நூறு கட்டு வெந்தயக் கீரைக்கு என்ன பதில் சொல்வேன்?

என் மகள் டிப்ளமோ படித்துவிட்டு இங்கேயே ஒரு கார் ஆலையில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “கியர் ஆயில் எப்பப்பா மாத்தின?” நான் விற்றவர் சொன்னதைச் சொன்னேன். “இன்ஜின் ஆயிலை மட்டும் நாள் பார்த்து மாத்துற. இது என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள்.

அவள் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. சாதாரண கியர்பாக்ஸில் ஆயில் வெறும் வழவழப்புக்கு. ஆட்டோமேட்டிக்கில் ஆயில்தான் வேலைக்காரன். கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில், இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்துவது ஆயில். உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளை அழுத்திப் பிடித்துக் கியர் மாற்றுவதும் அதே ஆயிலின் அழுத்தம்தான். உள்ளே உண்டாகிற சூட்டைக் கூலருக்கு ஏந்திக்கொண்டு போவதும் அதுவே. சூடு ஏற ஏற அதன் ஆயுசு வேகமாகக் குறையும். 10 டிகிரி கூடினால் ஆயுசு பாதி என்று மெக்கானிக்குகள் தோராயமாகக் கணக்குச் சொல்வார்கள்.

கையேட்டைப் பிரித்தோம். சாதாரண ஓட்டத்துக்கு ஒரு கணக்கு, ‘கடுமையான ஓட்டத்துக்கு’ அதில் பாதி என்று இன்னொரு கணக்கு. லோடு, நெரிசல், வெயில், சேறு எல்லாம் கடுமையான ஓட்டத்தில் சேர்த்தி. நம்மில் யார் சாதாரண ஓட்டம் ஓட்டுகிறோம்? லோடு வண்டிக்கு 40,000-50,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது நல்லது. என் வண்டி 1,04,000-ல் நின்றது. அதுவரை ஒருமுறைகூட மாற்றியதற்குத் தடயமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படப்பையிலிருந்து எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் வந்தார். மகள் பக்கத்திலேயே நின்றாள். சமதளத்தில் நிறுத்தி, நாலு ஸ்டாண்டில் ஏற்றினோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. மெக்கானிக் கீழ் பிளக்கில் ஸ்பேனர் வைத்ததும் மகள் தடுத்தாள்: “அண்ணே, முதல்ல ஊத்துற பிளக்கைக் கழட்டிப் பாருங்க.” நியாயம்தானே! ஆயிலை வடித்த பிறகு ஊற்றுகிற பிளக் துருப்பிடித்துத் திறக்க வரவில்லை என்றால், ஓட்டிக்கொண்டு ஒர்க் ஷாப் போகக்கூட வழியில்லை.

புது ஆயில் செக்கச்செவேல் என்றிருக்கும். எங்கள் வண்டியிலிருந்து வந்தது கருத்த காபி டிகாஷன், கூடவே தீய்ந்த வாடை. அடி சம்பைக் கழற்றினோம். உள்ளே இருந்த காந்தங்களில் விபூதியைக் குழைத்த மாதிரி சாம்பல் பசை. “பயப்படாதண்ணே, இது தேய்மானம். தூள் தூளா இரும்புச் சில்லு இருந்தாதான் பொட்டியைப் பிரிக்கணும்” என்றார் மெக்கானிக். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆயில் பால் கலந்த ரோஸ் நிறத்தில் வந்தால் அது வேறு கதை: ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது என்று அர்த்தம், வண்டியை ஓட்டவே கூடாது. காந்தங்களைத் துடைத்து, புது ஃபில்டர், புது பேக்கிங் போட்டோம். சம்ப் போல்ட்டுகள் சின்னவை. பலம் காட்டினால் மரை போய்விடும். எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்.

ஆயில் விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்கக் கூடாது. “எல்லாம் சிவப்பு ஆயில்தான்” என்று பவர் ஸ்டீயரிங் டப்பாவை நீட்டினார் ஒருவர். கையேட்டில் என்ன பெயர் போட்டிருக்கிறதோ அதேதான் வாங்க வேண்டும். வாசகர் வண்டி எந்த வகை என்று எழுதவில்லை. ஏ.எம்.டி. என்றால் அது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மெஷின் செய்கிறது. அதற்கு சாதாரண கியர் ஆயில். சி.வி.டி. என்றால் அதற்குத் தனி ஆயில். மாற்றி ஊற்றினால் பெட்டி காலி. ஒருகாலத்தில் இந்த சிவப்பு ஆயிலில் திமிங்கிலக் கொழுப்பெண்ணெய்கூடக் கலந்தார்களாம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்த பிறகு மாற்றுச் சரக்கு சரியில்லாமல் கியர்பாக்ஸ்கள் வரிசையாகப் படுத்தனவாம். மகள் சொன்னபோது நான் நம்பவில்லை, அது உண்மைதான்.

ஒருமுறை வடித்தால் முழு ஆயிலும் வராது. பாதிகூட வராது, மீதி உள்ளேயே தங்கிவிடும். மெஷின் வைத்து ஒரேயடியாகப் பீய்ச்சிக் கழுவலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். இத்தனை வருஷம் தொடாத பெட்டியில் அது வேண்டாம் என்று மெக்கானிக் மறுத்துவிட்டார், எனக்கும் அதுவே சரியென்று பட்டது. வாரம் ஒருமுறையாக மூன்று தடவை வடித்து ஊற்றினோம். 11 லிட்டர் பிடித்தது. லிட்டர் விலை ஆயிரத்தைத் தொட்டது. வலித்தது. கியர்பாக்ஸ் மாற்ற அவர்கள் சொன்ன லட்சக்கணக்கை நினைத்ததும் வலி அடங்கியது.

அளவு பார்க்கக் குச்சி கிடையாது. இன்ஜின் ஓடும்போதே, பிரேக்கை மிதித்து கியர் லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு சுற்றுக் கொண்டுபோய் பார்க்கிங்கில் விட்டு, அளவு பிளக்கைத் திறக்க வேண்டும். எங்கள் கையேட்டில் ஆயில் சூடு 35-லிருந்து 45 டிகிரிக்குள் இருக்கணும் என்றிருந்தது. வண்டியில் சொருகுகிற சின்னக் கருவியை வைத்து மகள் சூட்டைப் படித்தாள். சொட்டுச் சொட்டாக வழிந்தால் அளவு சரி. கொதிக்கும்போது பார்த்தால் விரிந்த ஆயில் கூடுதலாக வழிந்துபோய்க் குறைந்துவிடும். சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருப்பதால் கை ஜாக்கிரதை.

பழைய ஆயிலை வரப்பிலோ வாய்க்காலிலோ கொட்டவில்லை. கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுத்தோம்.

உதைப்பு போய்விட்டது. மேம்பாலத்தில் இப்போது இழுக்கிறது. ஆனால் விடியற்காலை குளிரில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு சின்ன வழுக்கல் இன்னும் இருக்கிறது. “அது தகடு தேய்ஞ்சது. ஆயில் மாத்தினா தகடு வளருமா?” என்றார் மெக்கானிக். இரண்டு வருஷம் முன்னால் மாற்றியிருந்தால் அது மிஞ்சியிருக்கும். இப்போது லோடைக் கொஞ்சம் குறைத்து ஏற்றுகிறேன். பக்கத்து வீட்டு அண்ணி, “வண்டி வழியில நின்னுடாதே தம்பி?” என்று கேட்டுவிட்டுத்தான் கீரைக்கட்டை ஏற்றுகிறார்.

மாட்டுத் தொழுவத்துச் சுவரில் சினை ஊசி போட்ட தேதிகளைக் கரியால் எழுதி வைப்பது வழக்கம். அதற்குக் கீழே மகள் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: ‘கியர் ஆயில் 1,05,300. அடுத்தது 1,45,000.’