ஆறரை மணிக்கு மேல்

சி மொழியை எனக்குக் கற்றுக்கொடுத்த புத்தகம் என்னுடையதல்ல. விடுதியில் ஒரு சீனியர் அக்கா விட்டுப்போனது. வெள்ளை அட்டையில் நீல நிறத்தில் பெரிய ‘சி’. பிரையன் கெர்னிகனும், அந்த மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. 1978இல் வந்த புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு, 1988. கையில் அடங்கும் தடிமன்தான்.

புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்காமல் மொழி வராது என்றுதான் அது தொடங்கும். நியாயம்தான். ஓட்டிப் பார்க்க மெஷின் வேண்டுமே!

1997 அது. கல்லூரி லேப் இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும். பெண்கள் விடுதி கேட்டை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். வகுப்பு முடிந்து ஓடினால் எல்லா மெஷின் முன்பும் ஆள் இருப்பான். காத்திருந்து உட்காரும்போது கிளம்பும் நேரம் வந்துவிடும். ஆண்கள் விடுதிக்குக் கேட் உண்டு. பூட்டி நான் பார்த்ததில்லை.

அதனால் நாங்களே மெஷின் ஆனோம். அறையில் மூன்று பேர். ஒருத்தி நோட்டில் புரோகிராம் எழுதுவாள். மெஷினாக இருப்பவள் வரிவரியாக விரலை நகர்த்தி, ஒவ்வொரு மாறியின் மதிப்பையும் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவாள். மூன்றாமவள் அரைப்புள்ளி விட்டுப்போனதா என்று பார்ப்பாள். மின்சாரம் போனாலும் எங்கள் மெஷின் நிற்காது, மெழுகுவர்த்தியில் ஓடும்.

புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் ஒரு வெப்பநிலை அட்டவணை வரும். 0 முதல் 300 வரை இருபது இருபதாக ஏறும் ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்ற வேண்டும். பள்ளியில் படித்த சூத்திரம்தானே என்று, புத்தகத்தைப் பார்க்காமல், ஐந்தை ஒன்பதால் வகுத்துப் பெருக்கும்படி எழுதினேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் இருநூறுக்கு இருநூறு வாங்கிய எங்கள் மெஷின், மடமடவென்று விடை சொன்னாள். எல்லாம் சரி.

மறுநாள் லேப் வகுப்பில் டர்போ சியில் அடித்து ஓட்டினேன். செல்சியஸ் பக்கம் பதினாறு பூஜ்ஜியங்கள். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். ஐந்தை ஒன்பதால் வகுத்தால் அதற்குப் பூஜ்ஜியம்தான். முதலில் ஐந்தால் பெருக்கிவிட்டுப் பிறகு ஒன்பதால் வகுக்க வேண்டும். ஏன் என்பதைப் புத்தகம் பொறுமையாகச் சொல்லியிருந்தது. அவசரத்தில் தாண்டிப்போயிருந்தேன். எங்கள் மெஷினுக்குக் கணக்குத் தெரிந்திருந்ததுதான் கோளாறு.

ஆசிரியர் எட்டிப் பார்த்தார். “பொண்ணுங்க மனப்பாடம் பண்ணிட்டு வர்றீங்க. பசங்களுக்கு இது தானா வருது” என்றார். பக்கத்து மெஷின்காரன் தலையைக் குனிந்துகொண்டான். முந்தின நாள் இரவு ஏழரைக்கு அவனுக்கும் இதே பூஜ்ஜியங்கள்தான் வந்தன என்று பிற்பாடு அவனே சொன்னான். அவனுடைய பூஜ்ஜியங்களை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். திறமை என்று எங்கள் கல்லூரியில் பேசப்பட்டதில் பெரும்பகுதி, ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட இரண்டரை மணி நேரம்.

மனு எழுதினோம். வார்டன் மேடம் கெட்டவர் இல்லை. “உங்க பாதுகாப்புக்குத்தாம்மா” என்றார். லேப்புக்கும் விடுதிக்கும் நடுவில் இருந்தது ஒரு கைப்பந்து மைதானம். அதில் என்ன ஆபத்து என்று கேட்டோம். பதில் இல்லை, அப்பாவிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார். என் அப்பா எழுதித்தர ஒரு மாதம் இழுத்தார். படிக்கத்தான் கேட்கிறேன் என்று இருபது வயதில் ஒருத்தி நிரூபிக்க வேண்டியிருந்தது. 2015இல் டெல்லி மாணவிகள் ‘பிஞ்ச்ரா தோட்’, கூண்டை உடை, என்று விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துத் தெருவுக்கு வந்தபோது எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் கூண்டை உடைக்கவில்லை. சனிக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் திறந்துவைக்கும்படி கேட்டு வாங்கினோம்.

முதல் சனிக்கிழமை எட்டுப் பேர் போனோம். பின்னால் டார்ச்சோடு வாட்ச்மேன். வரிசையை மாற்றிப் போட்டு அட்டவணையை ஓட்டினேன். முதல் வரியில் -17 வந்தது. அதன்பின் யாருமே சரியாக எழுதவில்லை. அரைப்புள்ளியை எடுத்தால் என்ன ஆகும், லூப்பை நிறுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று, லேப் உதவியாளர் விளக்கை அணைக்கும்வரை, வேண்டுமென்றே தப்புத் தப்பாக எழுதி ஓட்டிக்கொண்டிருந்தோம்.